காரணம் இல்லாத ஒரு நாள்

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. மலையாள நாட்டு எல்லைக்குள் பெருமாட்டிப் பக்கம் எனக்கு நாலு ஏக்கர் தோட்டம். தண்ணீருக்கு ஒரே கிணறு. அதில் எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் பாதிப் பாதி. கிணறு முழுக்கத் தன்னுடையது, நான் அதில் இறைக்கக் கூடாது என்று அந்த அண்ணன் தாலுகா முன்சீப் கோர்ட்டில் கேஸ் போட்டார். தோற்றால் நாலு ஏக்கரும் காய வேண்டியதுதான்.

இரண்டு முறை அவகாசம் வாங்கியாகிவிட்டது. மூன்றாவது தேதிதான் அவர் வழக்குக்கு என் பதிலை எழுதிய பத்திரிகையைத் தாக்கல் செய்யக் கடைசிக் கெடு. வக்கீல் எழுதித் தயாராக வைத்திருந்தார். நான் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். அன்று விடியும்போதே மனைவிக்கு நினைவு தப்பியது. மஞ்சள் காமாலை முற்றியிருந்தது. காரைப் பிடித்துக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இங்கே கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் இல்லை, பத்திரிகையும் இல்லை. அண்ணன் பக்கம் ஒருதலைத் தீர்ப்பாகிவிட்டது.

இருபத்தாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இருபத்தாறாம் நாள் அவள் போய்விட்டாள். எழவுக்கு அண்ணன் வந்தார். பாடைக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். என்னோடு பேசவில்லை.

அதற்கப்புறம் பதினைந்து நாள் காரியங்கள். எல்லாம் முடித்து மொட்டைத் தலையோடு வக்கீலிடம் போனேன். அவர் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். பிறகு தொழில் பேச்சுக்கு வந்தார்.

"தீர்ப்பை நீக்கச் சொல்லிக் கேட்க முப்பது நாள்தான் ஓய். நாப்பத்தொண்ணு ஆயிடுத்து. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போடலாம். ஆனா தீர்ப்பு நாள்லேர்ந்து ஒவ்வொரு நாளைக்கும் காரணம் காட்டணுமாக்கும். சொல்லும், எழுதிக்கறேன்."

சொன்னேன். நினைவில்லாமல் கிடந்தாள். ரத்தம் ஏற்றினார்கள். வாந்தி எடுத்தாள். கால் வீங்கியது. அவள் பட்டதையெல்லாம் நாள் வாரியாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் எழுதிக்கொண்டே போனார். பத்தொன்பதாம் நாளில் நின்றுவிட்டேன்.

அன்று அவள் நன்றாக இருந்தாள். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, சாத்துக்குடிச் சாறு குடித்துவிட்டு, காலையிலிருந்து பொழுது சாயும் வரை பேசினாள். எங்கள் கல்யாணத்தில் பந்தியில் ரசம் தீர்ந்துபோனதைச் சொல்லிச் சிரித்தாள். "கேசு பாட்டுக்குக் கேசு நடக்கட்டுமுங்க. உங்கண்ணன்கிட்டச் சொல்லி நம்ம கத்திரிக்கு ரெண்டு மடை தண்ணி உடச் சொல்லுங்க" என்றாள். நானும் சிரித்தேன். மறுநாள் மறுபடி நினைவு தப்பியது.

"அன்னிக்கு என்ன பண்ணிண்டிருந்தீர்?" என்றார் வக்கீல்.

"பேசிட்டு இருந்தனுங்க."

"அது காரணமாகாது ஓய். அன்னிக்கு பஸ் ஏறி வந்திருக்கலாமேன்னு கேப்பா. ஜுரம் ஜாஸ்தியாச்சுன்னு போட்டுடறேனே?"

வேண்டாம் என்றேன். கோர்ட்டில் பொய் சொல்லக் கூடாது என்பதற்காக அல்ல. அவள் நன்றாக இருந்தது அந்த ஒரு நாள்தான். அதையும் ஜுரம் என்று எழுத மனம் வரவில்லை. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டு, நான் சொன்னபடியே எழுதினார்.

விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் சரியாக அந்த வரியைத்தான் பிடித்தார். சத்தமாக வாசித்துவிட்டு, பெண்டாட்டியோடு பேசிக்கொண்டிருந்தது ஒரு காரணமா என்று மலையாளத்தில் கேட்டார். கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பின் பெஞ்சிலிருந்து அண்ணன் எழுந்தார்.

"ஏனுங்க வக்கீலய்யா, அந்த ஒரு நாள உட்ருங்க."

அவருடைய வக்கீல் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். அவர் உட்காரவில்லை.

"அந்தப் புள்ள பேச ஆரமிச்சா நானே பாதியில எந்திரிச்சு வந்ததில்லீங்க. இவன் எங்கீங்க வருவான்?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மனுவுக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் வக்கீலே எழுதிக் கொடுக்க, முன்சீப் தீர்ப்பை நீக்கி என் பதில் பத்திரிகையை வாங்கிக்கொண்டார்.

இருவரும் ஒரே பஸ்ஸில்தான் ஊர் திரும்பினோம். அவர் முன்னால், நான் பின்னால். கேஸ் அதற்கப்புறமும் ஆறு வருஷம் நடந்தது. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து இறைக்கச் சொல்லி முடிந்தது. இன்று அண்ணனும் இல்லை, கிணற்றில் தண்ணீரும் இல்லை.

இந்த வயதில் மாத்திரை முதல் மாடிப்படி வரை எல்லாவற்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டில் சலித்துக்கொள்கிறார்கள். கோர்ட்டுக்குக் காரணம் காட்டிய நாற்பது நாட்களும் ஒவ்வொன்றாக எனக்கு மறந்துகொண்டு வருகின்றன. காரணம் காட்ட முடியாமல் போன அந்த ஒரு நாள் மட்டும் ஒரு வார்த்தை குறையாமல் என்னிடம் இருக்கிறது.