முருங்கனும் தோர்ன்டனும்

அன்றைக்கு எங்கள் மவுண்ட் வெல்லிங்டன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்தது நான், மனைவி, மகள், மருமகன், மருமகனின் தகப்பன். மகளின் மடியில் பிறந்து ஒன்பது நாளான பேத்தி. நடுவில் திறந்த லப்டொப். பிள்ளையின் பிறப்பைப் பதியும் படிவத்தில் பெயர்க் கட்டங்கள் இன்னும் நிரம்பவில்லை.

குடும்பப் பெயராய்த் தோர்ன்டன் விழப்போகிறது. மருமகன் வீட்டுப் பெயர். நியாயம்தான். ஆனாலும் எனக்கு இரண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. எங்களுக்கென்று குடும்பப் பெயர் இருந்ததில்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கேட்டார்களே என்று என் ஐயாவின் பெயரை எழுதிக் கொடுத்தேன். மனைவிக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. கிளினிக்கில் 'மிஸஸ் சவிரிமுத்து' என்று கூப்பிட்டபோது, மாமாவின் பெயருக்கு நான் எழும்புவதா என்று இவள் அசையாமல் இருந்து, இவளுடைய முறையே தவறிப்போனது. அந்தப் பெயரும் மகளோடு நின்றுவிட்டால், நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று இந்தப் பிள்ளைக்கு எது சொல்லும்? எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அதை இங்கிலீசில் சொல்லத் தெரியாமல் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே இருந்தேன்.

"மேட், சீனி எப்பவோ கரைஞ்சிட்டுது. என்ன யோசனை?" என்றார் சம்பந்தி. ஓய்வுபெற்ற தச்சர். மகள் என் கவலையை எடுத்துச் சொன்னாள்.

எனக்கு விளங்கட்டும் என்று அவர் இங்கிலீசை மெதுவாகக் கதைத்தார். தோர்ன்டன் என்பது இங்கிலாந்தில் ஊர்ப் பெயராம். முள்மரங்களுக்குப் பக்கத்துப் பண்ணை என்று பொருளாம். "அந்த ஊருக்குள்ள இருந்தவனை ஒருத்தரும் அப்பிடிக் கூப்பிட்டிருக்க மாட்டினம். எல்லாரும் அந்த ஊர்தானே. வெளிக்கிட்டுப் போனவனைத்தான் தோர்ன்டன்காரன் எண்டிருப்பினம்." அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டாம். எது தன்னுடையது என்று அவருக்கே தெரியாதாம்.

பிறகு கேட்டார்: "உங்களை உங்கட ஆக்கள் எப்பிடிக் கூப்பிடுறவை?"

நான் வாய் திறக்க முதல் மனைவி சொன்னாள்: "முருங்கன் அண்ணை. மன்னாரில எங்கட ஊர். அங்கயும் முள்ளுக்குக் குறைவில்லை."

உண்மைதான். இங்கே தேவாலயப் பூசைக்கு வருகிறவர்களில் என் பெயரில் மூன்று பேர். அதனால் நான் முருங்கன் அண்ணை ஆனேன். ஊரில் இருந்தவரை ஒருவரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

சம்பந்தி மேசையில் ஓங்கித் தட்டினார். பிள்ளை திடுக்கிட்டு அழுதது. "அப்ப உங்களிட்டயும் இருக்கே! அதையும் போடடா," என்றார் மகனிடம். மருமகன் என் மகளைப் பார்த்தான். "ஓம், போடுங்கோ," என்றாள். நடுவில் முருங்கன், கடைசியில் தோர்ன்டன். எழுத்துப் பிழைத்துவிடுமோ என்று நாலு தரம் பார்த்தேன். நெஞ்சு மட்டும் நிமிர்ந்தே இருந்தது.

இன்று அதே மேசை. சம்பந்தியின் கதிரை வெறுமை; போன குளிர்காலத்தில் கண்ணை மூடிவிட்டார். பேத்திக்கு ஐந்து வயது, முதல் நாள் பள்ளிக்கூடம். பையில் மகள் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறாள். தான் ஒருநாளும் காணாத ஊரைச் சம்பந்தி கொடுத்தார். நான் கண்ட ஊரைக் கொடுத்தேன்.

"பை பாரமோ, பிள்ளை?"

"நோ, அம்மப்பா," என்று இரண்டு ஊரையும் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.