மாச்சய்யா மறந்த ஒரு வரி

மாச்சய்யாவுக்குப் பெண் பார்க்கப் போன மூன்று இடங்களுக்கும் என் ரொட்டி வண்டியில்தான் போனோம். மூன்று இடத்திலும் ஒரே கேள்விதான்: "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" இவன் சொல்ல ஆரம்பிப்பான். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வைத்த காபியும் ஆறி ஆடை கட்டிவிடும். நான்காவது இடத்துக்கு ஆட்டோவில் போய்க்கொள் என்று சொல்லிவிட்டேன். அவனும் போகவில்லை. இப்போது நாற்பத்திரண்டு வயதாகிறது, என் பேக்கரி மாடியில் தனியாகக் குடியிருக்கிறான்.

கூர்க்கில், மடிக்கேரியைச் சுற்றி வீட்டில் அறை விட்டு விருந்தாளிகளை வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய வலைத்தளங்களைக் கூகுளில் மேலே வரவைப்பது அவன் வேலை. என்னைக் கேட்டால் இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுவேன். அவன் அப்படிச் சொல்ல மாட்டான். நான் மலையாளத்து முஸ்லிம், அண்ணன் என்கிற அர்த்தத்தில் எல்லோரும் என்னை 'இக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"இக்கா, ஒருத்தன் பெங்களூருல உக்காந்து என்னமோ ஒண்ண தேடறான். இங்க ஒருத்தர்கிட்ட அது இருக்கு. ஆனா அவன் ஒரு பாஷைல தேடறான், இவங்க வேற பாஷைல விளம்பரம் எழுதறாங்க. நடுவுல நான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

காதைத் தீட்டுவது அவனுக்குப் பழைய தொழில். பதினாறு வருடம் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தான். பனிமலையில் ஒரு தகரக் கொட்டகையில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு, காற்றில் வருகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவதுதான் அங்கே வேலை. எழுதியது போக மீதி நேரம் பனியைப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். பார்த்துப் பார்த்து அது கண்ணிலேயே தங்கிவிட்டது. எதிரே நின்று பேசினாலும் நமக்குப் பின்னால் எதையோ பார்க்கிற மாதிரியே இருப்பான். முதலில் எனக்கு எரிச்சலாக இருக்கும். பிறகு பழகிவிட்டது.

நோட்டுப் பழக்கமும் போகவில்லை. மக்கள் கூகுளில் என்னென்ன எழுதித் தேடி ஒரு வீட்டின் பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். மற்றவர்கள் அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். இவன் வரி வரியாகத் தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்பான். சாயங்காலம் மூடுபனி இறங்கிக் கடை வாசல் விளக்கு மங்கலாகத் தெரிகிற நேரத்தில் கீழே வந்து, டீயை வைத்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுவான்.

"மழை சத்தம் கேட்டுத் தூங்க ஒரு வீடு. அம்மாவுக்குப் படி ஏற முடியாது, கூர்க்கில் கீழ்த்தளத்து அறை. கூர்க்கில் யாரும் பேச்சுக் கொடுக்காத இடம். கோபித்துக்கொண்ட மனைவியை எங்கே கூட்டிப் போகலாம்."

கேட்கக் கேட்கக் கண்ணைச் சொருகும். ஊரில் உள்ள ஜனமெல்லாம் தூக்கத்தில் முணுமுணுப்பதை ஒட்டுக் கேட்கிற மாதிரி இருக்கும்.

"இதுக்கெல்லாம் நீ என்னடா பதில் சொல்லுவே?" என்பேன்.

"நான் சொல்ல மாட்டேன் இக்கா. வீட்டுக்காரங்களைச் சொல்ல வைப்பேன். சொகுசு, சொர்க்கம், இயற்கையின் மடின்னு எழுதாதீங்க. அறைக்குப் படி இருக்கா இல்லையா, அதை எழுதுங்க. பக்கத்து வீட்டுக்காரர் எழுதினதைக் காப்பி அடிக்காதீங்க. படம் சின்னதா போடுங்க, ஒரு கோடு சிக்னல்லயும் திறக்கணும். அவ்வளவுதான் என் வித்தை."

கேட்காதவர்களும் உண்டு. ஒரு மகராசன் தன் பக்கம் முழுக்க 'கூர்க்' என்ற சொல்லை நூற்றுச் சொச்சம் தடவை எழுதி வைத்திருந்தான். மாச்சய்யா அதை எண்ணிப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவே இல்லை.

இவ்வளவு தெரிந்தவன்தான் தேச்சம்மா விஷயத்தில் கோட்டை விட்டான்.

தேச்சம்மாவுக்கு வீடு கக்கபேயில், மலையடிவாரத்தில், ஏலக்காய்க்கும் காபிக்கும் நடுவே. அவளும் அவள் புருஷன் நாணய்யாவும் பதினோரு வருடமாக மூன்று அறைகளை விருந்தாளிகளுக்கு விட்டு வந்தார்கள். நாணய்யா பெரிய மீசைக்காரர். வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்று, அருவிக்குக் கூட்டிப்போய், வேட்டைக் கதை சொல்லி அசத்திவிடுவார். தேச்சம்மா அடுப்படியை விட்டு வெளியே வரமாட்டாள். போன வருடம் ஜனவரியில் அவர் நெஞ்சு வலித்து ஒரே நாளில் போய்விட்டார்.

மார்ச்சில் அவள் மாச்சய்யாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நம்ம வலைத்தளத்து முதல் பக்கத்துல அவரு படம் இருக்கு மாச்சு. பாக்க முடியல. வேற மாதிரி பண்ணிக் குடு."

இவனும் எல்லாவற்றையும் பிரித்துப் புதிதாகச் செய்தான். அரைகுறையாக இருக்கும்போது யார் கண்ணிலும் படக்கூடாது என்று, கூகுளுக்கு மட்டும் புரிகிற ஒரு வரியை உள்ளே எழுதி வைத்தான். 'இந்தப் பக்கத்தைப் பட்டியலில் சேர்க்காதே' என்று அதற்கு அர்த்தம். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறபோது சாமி படத்தின் மேல் துணி போடுவோமே, அப்படி. வேலை முடிந்தது. துணியை எடுக்க மறந்துவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. யாரும் வரவில்லையே என்று அவள் இவனிடம் கேட்கவில்லை. ஆள் வருகிறதா அக்கா என்று இவனும் அவளிடம் கேட்கவில்லை. துக்க வீட்டில் போய் வியாபாரம் எப்படி என்று கேட்பதா, அவளே அறைகளைப் பூட்டி வைத்திருப்பாள் என்று இருந்துவிட்டான். கோடை விடுமுறை போனது. மழை பிடித்துக்கொண்டது. மலையும் வீடும் பஞ்சுக்குள் வைத்த மாதிரி மூன்று மாதம் மறைந்து கிடந்தன.

செப்டம்பர் இரண்டாம் தேதி, மறுநாள் கைல்பொத். துப்பாக்கிக்கும் அரிவாளுக்கும் பூ வைத்துக் கும்பிடுகிற நாள். கடையில் கூட்டமே இல்லை. நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்: "தேச்சம்மா வீட்டுக்கு ரொட்டி போட்டு அஞ்சு மாசமாச்சு. வீட்டை ரொம்ப நாளா கேட்டுட்டிருக்கற ரிசார்ட்காரங்களுக்கே எழுதிக் குடுக்கப் போறாளாம். நாலாம் தேதி கையெழுத்து."

மாச்சய்யா டீயைக் கீழே வைத்தான். "ஏன் இக்கா? ஆள் வரலையா?"

"பழைய ஆளுங்க ரெண்டு குடும்பம் போன் போட்டுட்டு வந்தாங்களாம். புதுசா ஒரு குஞ்சுகூட வரல."

போனை எடுத்துத் தேடினான். கீழே கீழே தள்ளிக்கொண்டே போனான். அப்புறம் மாடிக்கு ஓடினான். இறங்கி வரும்போது முகத்தில் ரத்தமே இல்லை. நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னான்.

"அடப்பாவி!" என்று கத்தினேன். வேறு என்ன சொல்வது?

"அந்த வரிய இங்கயிருந்தே எடுத்துடலாம். ஆனா அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் எடுக்கணும் இக்கா. காலைல வண்டிய எடுங்க."

மறுநாள் கக்கபே போகும் வழியெல்லாம் மேகம் ரோட்டிலேயே படுத்திருந்தது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. எங்கோ வயல்களில் பண்டிகைப் போட்டிக்குத் தேங்காயைக் குறிபார்த்துச் சுடுகிற சத்தம் மட்டும் மெத்து மெத்தென்று கேட்டது. இவன் மடியில் ஒரு பழைய நோட்டை வைத்துக்கொண்டு வந்தான்.

தேச்சம்மா நடுக்கூடத்தில் நாணய்யாவின் துப்பாக்கியைத் துடைத்து, செங்காந்தள் பூவைச் செருகிச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வாங்க இக்கா. இன்னிக்கு எங்க வீடுகள்ல பன்னிக்கறிதான், உங்களுக்குத் தனியா கோழி வச்சிருக்கேன், பயப்படாதீங்க. என்ன மாச்சு, பரேடுக்கு வந்த மாதிரி வெறச்சுட்டு நிக்கறே?"

அவன் உட்காரவில்லை. நின்றபடியே சொல்லிவிட்டான். சுற்றி வளைக்கவில்லை, சாக்குச் சொல்லவில்லை. "தப்பு என்னோடது அக்கா. இந்த வீடு அஞ்சு மாசமா தேடறவங்க யார் கண்ணுலயும் படல. நான்தான் மறைச்சு வச்சுட்டு மறந்துட்டேன்."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

"அஞ்சு மாசம். தெனம் மெத்தையை உதறி விரிச்சேன்டா. மூணு அறைக்கும் தெனம் தண்ணி மாத்தி வச்சேன். சாயங்காலம் ஆனா கேட்டையே பாத்துட்டு உக்காந்திருப்பேன்." குரல் ஏறிக்கொண்டே போனது. "அவரு இருந்தாரு, வந்தாங்க. அவரு போயிட்டாரு, யாருக்கு நான் வேணும்னு நெனச்சேன். அப்படி நெனச்சுத்தானேடா வீட்டையே குடுக்கத் துணிஞ்சேன்! ஒரு வரியாடா? ஒத்த வரியா?"

எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போலிருந்தது. மாச்சய்யா மட்டும் நகரவில்லை. நோட்டைப் பிரித்தான்.

"போன வருஷத்துப் பட்டியல் அக்கா. இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தவங்க என்ன எழுதித் தேடினாங்கன்னு. திட்டறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. அப்புறம் அடிங்க."

வாசிக்க ஆரம்பித்தான். என் கடையில் வாசிப்பானே, அதே குரலில், நிதானமாக.

"பிப்ரவரி ஒன்பது. கக்கபே கடம்புட்டு அரிசி உருண்டை செய்ற அக்கா வீடு. மார்ச் ரெண்டு. சமைக்கும்போது பாடற ஆன்ட்டி, கூர்க். ஏப்ரல் பதினாலு. கிளம்பும்போது ஊறுகாய் கட்டிக் கொடுத்த வீடு, கக்கபே. அதே மாசம் இருபத்தாறு. குழந்தைக்குக் காய்ச்சல், கஞ்சி வைத்துக் கொடுத்த அம்மா, பெயர் தெரியவில்லை, கக்கபே."

வெளியே மேகம் சன்னல் கம்பி வழியாக உள்ளே வந்து துப்பாக்கியைத் தொட்டுக்கொண்டு போனது. அவன் வாசித்துக்கொண்டே இருந்தான். நான்கு பக்கம். யார் யாரோ, எங்கெங்கோ உட்கார்ந்து, பெயர் தெரியாத ஒருத்தியைத் தேடியிருக்கிறார்கள்.

"அவரு பேரு?" என்று மெதுவாகக் கேட்டாள் தேச்சம்மா.

"ஒரு எடத்துல வருது. 'அருவிக்குப் போகும் வழியில் பொய்யாகப் புலிக்கதை சொன்ன மீசை அங்கிள் வீடு.'"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். அழுதாள். அப்புறம் நிஜமாகவே சிரித்தாள். "பொய்தான். அவரு பாத்தது காட்டுப்பூனை."

மூன்று பேரும் தோட்டத்துக்கு மேலே உள்ள பாறைக்கு ஏறினோம். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். மேகத்துக்குள் நின்றுகொண்டு மாச்சய்யா அந்த வரியை எடுத்தான். கூகுளை மறுபடி வந்து பார்க்கச் சொல்லி எழுதிப் போட்டான்.

"எப்போ தெரியும்?"

"சொல்ல முடியாது அக்கா. மூணு நாளாகலாம், பதினஞ்சு நாளாகலாம். வராமலும் போகலாம். நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

கையெழுத்துக்கு இருந்தது ஒரே நாள். அவள் கீழே பார்த்தாள். வீடு தெரியவில்லை, வெள்ளையாகத்தான் இருந்தது. பிறகு தன் போனை எடுத்து ரிசார்ட்காரருக்குப் போட்டாள். "நாளைக்கு வர வேணாம். அறை விடறோம் நாங்க."

எட்டாவது நாள் காலையில் என் கடைக்குப் போன். "இக்கா, நாளைக்கு ரெண்டு ரொட்டி, ஒரு டஜன் பன்னு. மைசூர்லருந்து ஆள் வர்றாங்க." நான் மாடிப் படியில் நின்று சத்தம் போட்டேன். இவன் எட்டிப் பார்த்து, எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினான். அவ்வளவுதான். கட்டிப்பிடித்திருந்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். இந்த வருடம் ஜூன் முதல் வாரம், முதல் மழை பிடித்ததும் தேச்சம்மா நேராகவே கடைக்கு வந்தாள். குடையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

"மாச்சு, அந்த வரிய மறுபடி போட்டு வை."

அவன் விழித்தான். "எதுக்கு அக்கா? நல்லா போய்ட்டிருக்கே."

"மழை முடியற வரைக்கும். போன வருஷம் அந்த வீட்டுல யாரும் இல்லாதப்ப, அழுதேன்தான். ஆனா அவரு நடக்கற சத்தம் கேட்டுது மாச்சு. ஆள் வந்ததுக்கு அப்புறம் கேக்கல." சேலைத் தலைப்பால் முகத்து ஈரத்தைத் துடைத்தாள். "வருஷத்துல மூணு மாசம் நானும் அவரும் மட்டும் இருந்துக்கறோம்."

மாச்சய்யா பனிமலையில் உட்கார்ந்து காற்றில் வருகிற சத்தத்தைக் கேட்டவன், அவனுக்குப் புரிந்திருக்கும். மாடிக்குப் போய் வரியைப் போட்டுவிட்டு வந்தான். செப்டம்பர் மூன்று, எடுக்க வேண்டும் என்று நோட்டில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டான்.

நானும் கடைக் காலண்டரில் அந்தத் தேதிக்குச் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இவனை நம்ப முடியாது.