துஸ்யான்னு ஒரு தடவ கூப்பிடட்டுமே

ரஷ்யாவுல இஷெவ்ஸ்க் ஊர்ல டிராம் ஓட்டுறவ துஸ்யா. பாஸ்போர்ட்டுல எவ்தோகியா சவேல்யெவ்னான்னு அப்பா பேரோட நீளமா இருக்கும். அப்படிக் கூப்பிடுறவங்க ரெண்டே பேர்: சம்பள ஆபீஸ்காரி, பல் டாக்டர். மத்தவங்களுக்கு அவ துஸ்யா, கொஞ்சினா துசென்கா, கோவம்னா துஸ்கா. டிராமையே, "பனியில வழுக்காம போடி என் டிராம்குட்டி!"ன்னு கொஞ்சித்தான் ஓட்டுவா.

அவ மகன் யாரிக் லண்டன்லேர்ந்து கட்டிக்கப்போற பொண்ணக் கூட்டிட்டு வர்றான். பேரு பிலிப்பா. துஸ்யாவுக்குக் கால் தரையில நிக்கல.

"பிலிப்பாவச் சுருக்கினா பிப்பா. இன்னும் சுருக்கினா பிப். அவ்ளோதானாம்டி ரூஃபா!"

"கொஞ்சணும்னா?" கண்டக்டர் ரூஃபினா வாயப் பொளந்தா.

"டியராம். கடைக்காரிக்கும் டியர், பொண்டாட்டிக்கும் டியர்!"

"பாவம்டி, ஊரே ஒரே கோட்ட மாத்தி மாத்திப் போட்டுக்குதா?"

"நான் புதுசு தைச்சுட்டேன். பிப்போச்கா, பிப்பென்கா, பிப்புஷ்கா!"

வந்த நிமிஷமே மூணையும் கொட்டிட்டா. பொண்ணு அழகாச் சிரிச்சுது. அப்புறம் ரஷ்யப் பாடப்புத்தகம் சொன்னபடி நிமிர்ந்து நின்னு, "வணக்கம், எவ்தோகியா சவேல்யெவ்னா"ன்னுச்சு.

துஸ்யா மூஞ்சி விழுந்துபோச்சு. மூணு நாளா டீ குடுத்தாலும் அதே பேரு, குட்நைட்டுக்கும் அதே பேரு.

"அவளுக்கு என்னைப் பிடிக்கல ரூஃபா. பல் டாக்டர் மாதிரியே கூப்பிடுறா. என்னை அறியாம வாயத் தொறந்து காட்டிருவேன் போல!"

மகன்கிட்டயும் கெஞ்சினா. "துஸ்யான்னு கூப்பிடச் சொல்லேன்டா."

"கேட்டு வாங்குறதாம்மா அது? தானா வரணும்."

ஞாயித்துக்கிழமை மாமியாரும் மருமகளும் உக்காந்து, மாவுக்குள்ள கறி வச்சு நூறு பெல்மேனி பிடிச்சாங்க. கொதிக்கிற பானையப் பாத்துக்கச் சொன்னது யாரிக்க. அவன் போன்ல ஹாக்கி மேட்ச் பாத்துக்கிட்டு நின்னான். பானை புஸ்ஸுன்னு பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுது. பாதி பெல்மேனி பிஞ்சு கூழாயிருச்சு.

துஸ்யா வாயத் தொறக்குறதுக்குள்ள பிலிப்பா இடுப்புல கை வச்சா.

"யாரஸ்லாவ் அர்காத்யெவிச்!"

அடேயப்பா! யாரிக்கோட முழுப்பேரு, பின்னாடியே அப்பன் பேரு. அந்த ஊர்ல அம்மா அப்படிக் கூப்பிட்டா பிள்ளை ஓடி ஒளியணும். அதே இழுவை, அதே ராகம். யாரிக் போனக் கீழ போட்டுட்டு விறைச்சு நின்னான்.

துஸ்யா கை தட்டிக் குதிச்சா. "இந்த ராகத்த எங்கடி கத்துக்கிட்ட?"

"இத வேற கத்துக்கணுமா? கோவம் வந்தா எங்கம்மாவும் 'பிலிப்பா ஜேன் தார்ன்டன்!'னு மூணு பேரையும் வரிசையாக் கத்துவாங்க. நான் அலமாரிக்குள்ள பூந்துக்குவேன். ஐயோ, மீதியும் கரையுது பாரு! துஸ்யா, ஜல்லிக்கரண்டி எங்க? சீக்கிரம்!"

துஸ்யா நகரவே இல்ல.

"என்ன கேட்ட? இன்னொரு தடவ சொல்லு!"

"ஜல்லிக்கரண்டி!"

"அது இல்லடி, அதுக்கு முன்னாடி!"