ஒரே அச்சில் பன்னிரண்டு சீடர்கள்

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் கரண்ட் போய்விட்டது. ஜன்னல் வெளிச்சத்தில், எங்கள் கோயிலுக்காக நான் ஆர்டர் கொடுத்த இறுதி இராவுணவுப் பொம்மைகள் பலகை மேல் உட்கார்ந்திருக்கின்றன. இயேசுவும் பன்னிரண்டு சீடர்களும், இன்னும் சூளைக்குப் போகாத வெள்ளை மண்ணில். பதின்மூன்று பேருக்கும் ஒரே முகம். யாருக்கும் கருவிழி இல்லை.

"சாமியோட அச்சுலதான் எல்லாரையும் ஊத்தினோம் சார். தாடி, துணியெல்லாம் கலர்ல மாத்திக்கலாம்" என்கிறார், பொம்மைகளை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருக்கும் செல்வி.

கோபப்படத்தான் நினைக்கிறேன், முடியவில்லை. போன ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நானே சொன்னேன்: யூதர்களிடம் சீடன் என்பவன் குருவைப்போல் நடந்து, குருவைப்போல் கை கழுவி, கடைசியில் குருவாகவே தெரிய வேண்டியவன். இந்தப் பன்னிரண்டு பேரும் அப்படிப் பின்னால் போன யூதர்கள்தான்.

"இதுல யூதாசு யாரும்மா?"

செல்வி உள்ளங்கையை விரிக்கிறார். காட்டிக்கொடுத்தவனின் பணப்பை, புளியங்கொட்டை அளவில், ஈர மண்ணில்.

"இத யாரு கையில ஒட்டுறோமோ அவருதாங்க. காயறதுக்குள்ள ஒட்டணும். யாருக்கு வைக்கட்டும், நீங்களே சொல்லுங்க."

பதின்மூன்று முகங்களும் என்னையே பார்க்கின்றன. நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.