மீன் மூலையும் சிதம்பரத்துப் புல்லும்

மீன் நாற்றம்தான் முதலில் வரும். எங்கள் ஊர்ப் பந்தாட்ட மைதானத்தை நினைத்தாலே, புழுதியும் வியர்வையும் அப்புறம்தான், வடக்குக் கோலுக்குப் பின்னாலிருந்த மூலையின் கவுச்சிதான் எனக்கு மூக்கில் ஏறும். கடலூர் துறைமுகத்தை ஒட்டிய அந்தக் கட்டாந்தரையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் அணி ஆடும்போது, சந்தையில் மீன் விற்று முடித்த அம்மாவும் அவள் கூட்டாளிகள் ஆறு பேரும் நேரே அங்கே வந்து, காலியான அலுமினிய ‘அன்னக்கூடை’களைக் கவிழ்த்துப்போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்துவிடுவார்கள். ஆண்கள் நின்றுகொண்டு பார்த்தார்கள். உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் பெண்கள் மட்டுமே. கோல் கம்பத்துக்குப் பக்கத்து இடம் அம்மாவுடையது. அங்கே வேறு எவளாவது கூடையைக் கவிழ்த்தால் அன்றைய சண்டை மைதானத்துக்கு வெளியேதான் நடக்கும்.

எனக்கு அந்தப் பெருமை போதவில்லை. காரணம், சிதம்பரத்தில் இருந்த என் மாமா மகள் வளர்மதி. அவள் ஊர் மைதானத்தில் புல் இருந்தது, சிமெண்டுப் படி வைத்த ‘கேலரி’ இருந்தது. எங்கள் அணி அங்கே ஆடப்போன ஒரு நாள் நானும் வேனில் ஒண்டிக்கொண்டு போனேன். “உங்க ஊர்ல விழுந்தா முட்டி பேந்துபூடும். எங்க ஊர்ல விழுந்தா மெத்தைடி” என்றாள் வளர்மதி. எனக்கு வயிறு எரிந்தது. பதினொரு வயதுப் பெண்ணுக்கு அப்படியொரு பொறாமை வருமா என்று கேட்காதீர்கள், வந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, வேரோடு இரண்டு பிடி புல்லைப் பிடுங்கி என் சாப்பாட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டேன்.

அதைக் கொண்டுவந்து அம்மாவின் மூலையில் நட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால், அம்மா என்னைவிடப் பொறாமைக்காரி. “ஏன், அவுங்க ஊர்லதான் மொளைக்குமா? மீன் கழுவுன தண்ணி ஊத்தித்தானே நம்ம வூட்டு முருங்கை அப்படிக் காய்க்குது? ஊத்துங்கடி!” என்று கூட்டாளிகளுக்கு உத்தரவு போட்டாள். அன்றிலிருந்து, ஆட்டம் இல்லாத நாளில்கூட, சந்தையிலிருந்து திரும்பும் ஏழு பெண்களும் தங்கள் கூடைத் தண்ணீரை என் இரண்டு பிடிப் புல்லின் தலையில் கவிழ்த்தார்கள். முருங்கைக்கு ஊற்றியது வீட்டில் மீன் அலசிய நல்ல தண்ணீர், சந்தைக் கூடையில் இருந்ததோ கடல் தண்ணீரும் உப்பு போட்ட ஐஸ் கரைந்த தண்ணீரும் என்பது ஒருத்திக்கும் தோன்றவில்லை. பத்தே நாளில் புல் கருகிவிட்டது. நான் ஓவென்று அழுதேன். “சிதம்பரத்துப் புல்லுக்குக் கொழுப்பு ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டு, அதன்மேலேயே கூடையைக் கவிழ்த்து உட்கார்ந்தாள் அம்மா.

புல் போனாலும் நாற்றம் போகவில்லை. அடுத்து சிதம்பரத்துக்காரர்கள் இங்கே ஆட வந்தபோது, அவர்களுடைய கோல்கீப்பர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டே நின்றதில் பந்து அவன் காலிடுக்கில் நுழைந்து போனது. அம்மா எழுந்து கூடையைத் தட்டி ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு ‘மீன் மூலை’ என்றே பெயராயிற்று, பெண்களும் வேண்டுமென்றே அங்கே தண்ணீர் ஊற்றினார்கள்.

இப்போது அந்த மைதானத்தை அடியோடு மாற்றிப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கூரை போட்ட கேலரி, எண் எழுதிய நாற்காலி, பச்சைப்பசேலென்று செயற்கைப் புல் விரிப்பு. டீக்கடையில் பாதிப் பேர் “இப்பத்தான்டா நம்ம ஊரு ஊரா இருக்கு” என்கிறார்கள். மீதிப் பேர் “காத்தே வரல மச்சான்” என்று அலுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இரண்டும் சரியென்றுதான் படுகிறது. அந்த விரிப்பில் விழுந்து புரண்டு சிரித்தபடி எழுந்திருக்கும் சின்னப் பெண்களைப் பார்த்தால் பழைய எரிச்சல் அப்படியே வருகிறது, மறைக்க மாட்டேன். சென்ற வாரம் வளர்மதி பார்க்க வந்தாள். அவள் ஊர்க் கேலரி விரிசல் விட்டுக் கிடக்கிறதாம். “கொடுத்து வெச்சவங்கடி நீங்க” என்று பெருமூச்சு விட்டபடி குனிந்து ஒரு பிடி புல்லை இழுத்துப் பார்த்தாள். அது வரவில்லை.

மீன் மூலை இருந்த இடத்தில் சிமெண்டு போட்டு, முக்கியப் பிரமுகர்களின் கார் நிறுத்த ஒதுக்கியிருக்கிறார்கள். கூடையோடு உள்ளே விட மாட்டோம் என்று வாசலில் பலகையும் இருக்கிறது.

இடுப்பு விழுந்துபோய்க் கட்டிலோடு கிடக்கிற அம்மா, நான் மைதானத்திலிருந்து வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டாள். “என் எடத்துல இப்ப எவடி உக்காந்திருக்கா?”

கார் நிற்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. “யாரோ புதுசா ஒருத்திம்மா” என்றேன்.

“கூடை வெச்சிருக்காளா?”

“வெச்சிருக்கா.”

“அவளுக்கு வந்த வாழ்வப் பாரு!” என்று பொருமிவிட்டு அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.