முணுமுணுத்த தூண்டில்

சில வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழைக்காலத்தில், கல்லறைத் திருநாள் அன்று சாயங்காலம் நடந்தது இது. இடம், வீராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஆறு கடலோடு சேருகிற முகத்துவாரம். நான் பேய் பிசாசுக்குப் பயப்படுகிற ஆள் இல்லை, பல்லிக்குத்தான் பயப்படுவேன். அப்படிப்பட்ட என்னையே இன்று வரை யோசிக்க வைத்துக்கொண்டிருக்கிற சம்பவம் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில், வீட்டு முன்னறையிலேயே தூண்டில் ராடு கட்டித் தருகிறேன். பெண்பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதவர்கள் குறைவு. என் கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் கடற்கரைப் பாறைதான் கோயில். மத்தியானச் சாப்பாடு ஞாபகம்கூட இருக்காது. நான்தான் போன் போட்டு, "போதும், சுத்து. சோறு ஆறிப்போவுது" என்று கத்துவேன். தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு கிளம்பு என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமை மந்திரம்.

ஒருமுறை அவருடைய ராடில் வளையம் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. நான் அப்போது பிளவுசுக்கு ஆரி வேலை செய்துகொண்டிருந்தேன். மிச்சமிருந்த பட்டு நூலால் அந்த வளையத்தைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். அவருடைய சிநேகிதர்கள் பார்த்துவிட்டு ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். ஆரி சட்டம் பரணுக்குப் போனது, தூண்டில் கம்பு கூடத்துக்கு வந்தது.

வெறும் கார்பன் கம்பு பெட்டியில் வரும். அதன் நுனியை மேசையில் அழுத்தி வளைத்து உருட்டினால், ஒரு இடத்தில் தானாகத் துள்ளித் திரும்பும். எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறதோ அதுதான் அந்தக் கம்பின் பக்கம். ஒவ்வொரு கம்புக்கும் அப்படி ஒரு பிடிவாதம் உண்டு. அதை அனுசரித்து நரம்பு ஓடும் வளையங்களை நூலால் கட்டி, மேலே எபாக்ஸி பசை பூசி, வழியாமல் இருக்க மெதுவாகச் சுற்றும் சின்ன மோட்டாரில் மாட்டிவிட வேண்டும். ராத்திரி முழுக்கச் சுற்றிக் காயும். கம்பில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வரும், பொடி எழுத்தில் ஏதோ எச்சரிக்கையோடு. அழகைக் கெடுக்கிறதே என்று பெட்டியைப் பிரித்ததும் முதல் வேலையாக அதைத்தான் உரித்து எறிவேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு ஒரு அம்மா வந்தார். அறுபது தாண்டிய வயது, கட்டையாக வெட்டிய முடி, காட்டன் கவுன். பிரான்ஸில் குடியிருக்கிற நம் ஊர்க் குடும்பம் என்று பார்த்ததுமே தெரிந்தது. வழக்கம்போல "வாங்க மதாம்" என்றேன். அவர் பையிலிருந்து துண்டில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்தார். பழைய தூண்டில் ராடின் தக்கைக் கைப்பிடி. இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்திருந்தது.

"எங்க வூட்டுக்காரரோடது. பிளேன்ல முழு ராட ஏத்தமாட்டேன்னுட்டாங்க. கைப்பிடிய மட்டும் அறுத்து எடுத்தாந்தேன். இத வச்சி புதுசா ஒண்ணு கட்டிக் குடும்மா" என்றார்.

கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவராம். வருடா வருடம் குளிருக்கு இங்கே வந்துவிடுவார்களாம். முகத்துவாரத்துக் கல்லில் ஏறி நின்றால் பொழுது போவதே தெரியாதாம் அவருக்கு. போன வருடம் இங்கே கிளம்புவதற்கு முன்பே பிரான்ஸில் இறந்து, அங்கேயே அடக்கம்.

"கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் அவங்கவங்க கல்லறைக்குப் போவாங்க. எனக்கு இங்க மெழுகுவத்தி வைக்க எடம் ஏது? அவரு நின்ன எடத்துல நின்னு ஒரு தடவ வீசிட்டு வந்துடுறேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். "தூண்டில போட்டுட்டா வாயத் தொறக்காம இன்னாத்தயோ முணுமுணுன்னு பாடிக்கிட்டே நிப்பாரு. மீனெல்லாம் ஓடிடும்னு திட்டுவேன். இப்ப வூட்ல அந்தச் சத்தம் இல்லாம தூக்கம் வரமாட்டேங்குது."

கட்டித் தருகிறேன் என்று வாங்கி வைத்தேன்.

அவர் போன பிறகு அந்தக் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தேன். பல வருடம் ஒரே கை பிடித்ததில் கட்டைவிரலுக்கு ஒரு குழி, மற்ற விரல்களுக்கு லேசான பள்ளங்கள். யாரோ இப்போதுதான் எழுந்து போன பாயில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டால் ஒரு சூடு தெரியுமே, அப்படி இருந்தது. சட்டென்று கீழே வைத்துவிட்டேன்.

வேலையும் வழக்கம்போல் நடக்கவில்லை. கைப்பிடிக்குள் பசை தடவிக் கம்பைச் செருகினேன். கம்பின் பக்கமும் அந்தக் கட்டைவிரல் குழியும் நேராக வரும்படி திருப்பி வைக்க வேண்டும். அதற்குள் வாசலில் கேஸ் சிலிண்டர் வந்துவிட்டது. போய் வாங்கி வைத்துவிட்டு வந்து பார்த்தால் பசை இறுகிவிட்டது. போச்சு, வேலை கெட்டது என்று நொந்துகொண்டே நுனியை மேசையில் அழுத்தி உருட்டினேன். கம்பு துள்ளித் திரும்பி நின்றது. அது நின்ற பக்கமும் கட்டைவிரல் குழியும் நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் இருந்தன. நானே அளந்து வைத்திருந்தாலும் அவ்வளவு நேராக வந்திருக்காது.

தற்செயல் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அது மோட்டாரில் சுற்றிக்கொண்டிருந்த அன்று கூடத்தில் உட்காரவே பிடிக்கவில்லை. அந்தக் கட்டைவிரல் குழி மெதுவாக மேலே வரும், என் பக்கம் திரும்பும், கீழே போகும், மறுபடி வரும். தலைவலி என்று சொல்லிப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். என் கணவர், "இன்னா, ராடு மொறைக்குதா?" என்று கிண்டல் செய்தார்.

கல்லறைத் திருநாள் வந்தது. எந்த ராடு கட்டினாலும் முதல் வீச்சுக்கு நான் போய்ப் பின்னால் நிற்பேன். வளையங்கள் நரம்போடு நேராக வளைகின்றனவா என்று பார்க்காமல் என் கையை விட்டு எதையும் அனுப்பியதில்லை. அதனால் அன்றும் மதாமோடு ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் கல்லறைக்குப் பூவும் மெழுகுவத்தியும் கொண்டு போகிறவர்கள் கூட்டம்.

முகத்துவாரத்தில் மட்டும் ஈ காக்கை இல்லை. படகுகளை எல்லாம் மேட்டில் ஏற்றி வைத்திருந்தார்கள். கடல் பக்கம் வானம் மசியைக் கொட்டியது போல இருந்தது. எங்கள் தலைக்கு மேல் மழை இல்லை, காற்றும் இல்லை. அலைகூடச் சத்தமில்லாமல் வந்து போனது. மழை வருவதற்குள் வீசிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

கருங்கல் கொட்டிய கரையின் நுனி வரை போனார் மதாம். கல் இடுக்கில் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் மெழுகுவத்தி ஏற்றி வைத்து, சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ராடைத் தூக்கி வீசினார். அருமையான வீச்சு. ராடு வில்லாக வளைந்து நிமிர்ந்ததைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

ஆனால் நரம்பு கீழே இறங்கவில்லை.

நரம்பின் நுனியில் கட்டிய ஈயக் குண்டு தண்ணீரில் விழுந்துவிட்டது. ராடுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நரம்பு மட்டும் மேல்நோக்கி வளைந்து அந்தரத்தில் நின்றது, யாரோ நடுவில் தூக்கிப் பிடித்திருப்பதைப் போல. காற்று இல்லை என்று சொன்னேன் அல்லவா? நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராடிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மூடிய டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டால் கேட்குமே, அந்த மாதிரி ஒரு மெல்லிய முனகல். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே ஓடியிருப்பார்கள். நான் ராடு கட்டுகிறவள் ஆயிற்றே! ஏதோ ஒரு வளையம் சரியாகக் கட்டவில்லை, அதுதான் அதிர்கிறது என்று எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மேல தூக்கிப் புடிங்க மதாம், எந்த வளையம்னு பாத்துடுறேன்" என்று நானே அவரை உயரத் தூக்கச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல் காதை வேறு ராடின் பக்கத்தில் கொண்டு போனேன். அதைவிட முட்டாள்தனம் வேறு இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது.

உயரத் தூக்க, சத்தம் பெரிதானது. மதாமைப் பார்த்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"கேக்குதாம்மா? அவருதான். இப்படியேதான் பாடுவாரு" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அது பயத்தால் வந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மதாமின் கட்டை முடி ஒவ்வொன்றாக எழுந்து நேராக நின்றது. என் கையில் இருந்த முடியும் நின்றது. வளையத்தைத் தொட்டேன். பழைய கிரைண்டரில் ஈரக் கை பட்டால் சுளீரென்று வருமே, அப்படி அடித்தது.

அப்போதுதான் அந்த மஞ்சள் ஸ்டிக்கர் கண் முன்னால் வந்தது. உரித்து உரித்துக் குப்பையில் போட்ட அதே ஸ்டிக்கர். அதில் ஒரு மனிதன் ராடைத் தூக்கிப் பிடித்திருப்பான், அவன் தலைக்கு மேல் ஒரு மின்னல் இறங்கும். கார்பன் மின்சாரத்தை இழுக்கும், இடி மின்னல் நேரத்தில் கையில் பிடிக்காதே என்பதுதான் அந்தப் பொடி எழுத்து.

"கீழ போடுங்க மதாம்! இடி வுழப் போவுது!" என்று அலறினேன்.

அவர் காதில் விழவே இல்லை. ராடை இன்னும் இறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். பிடுங்கப் போனேன், மின்சாரம் கையில் அடித்துத் தள்ளியது. "வுடமாட்டேன். இப்பதான வந்தாரு" என்று கண்ணை மூடிக்கொண்டார். இந்த அம்மாவை இங்கேயே பறிகொடுக்கப் போகிறோம் என்று எனக்கு உறைத்தது. அவரை விட்டுவிட்டு ஓடவும் கால் வரவில்லை. அது மின்சாரம், உங்கள் புருஷன் இல்லை என்று சொன்னால் கேட்கிற நிலையிலா அவர் இருந்தார்?

வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். "அவரு இன்னா சொல்றாருன்னு கேளுங்க மதாம்! போதும், சுத்து, சோறு ஆறிப்போவுதுன்னு சொல்றாரு!"

மதாம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. அப்படியே குனிந்தார். குழந்தையைத் தொட்டிலில் விடுவதைப் போல ராடைக் கல் மேல் படுக்க வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடினேன். கல்லில் இருந்து இறங்கி மீன் ஏலக் கொட்டகைக்குள் நுழைந்தோம், பின்னால் உலகமே வெள்ளையானது. சத்தம் நெஞ்சுக்குள் விழுந்தது. கொட்டகைத் தூண் அதிர்ந்தது. அதன் பிறகுதான் மழை கொட்டியது.

மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு கல் வெடித்து இரண்டாகக் கிடந்தது. ராடு, பிரிந்துபோன துடைப்பம் மாதிரி கருப்பு நார் நாராகக் கிடந்தது. நான் கட்டிய நூல் ஒரு இழைகூட மிச்சமில்லை. கைப்பிடி மட்டும் கொஞ்சம் தள்ளி, கல் இடுக்கில், கீறல் இல்லாமல் இருந்தது. மதாம் அதை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆட்டோவில் ஏறியதும் என் பக்கம் திரும்பினார்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எது மதாம்?"

"அது நான் சொல்ற பேச்சு இல்ல. அவரு சொல்றது. எங்க வூட்ல சமைக்கிறது அவருதான். சில நாளு நான் தூண்டில புடிச்சிக்கிட்டு நின்னுட்டா, கரையிலேர்ந்து கத்துவாரு. போதும், சுத்து, சோறு ஆறிப்போவுதுன்னு. இதே மாதிரி, ஒரு எழுத்து மாறாம. நெசமாவே அவரு சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

அது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என் புருஷனைக் கூப்பிடுகிற பேச்சு, பயத்தில் வாயில் அதுதான் வந்தது என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும்கூட. தூண்டில் பிடிக்கிற வீட்டில் யாரும் சொல்லக்கூடிய வார்த்தைதானே? ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகு அந்த உண்மையால் யாருக்கு என்ன லாபம் என்று தோன்றியது.

"கேட்டுது மதாம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வருகிற வரை விடவே இல்லை.

ராத்திரி என் கணவர் முகத்துவாரத்தில் நான் பார்த்ததற்கெல்லாம் விளக்கம் சொன்னார். மின்னல் இறங்குவதற்கு முன்னால் மின்சாரம் அப்படித்தான் ராடு வழியாக முனகும், நரம்பைத் தூக்கும், முடியை நிற்க வைக்கும். நானும் ஒப்புக்கொண்டேன். இப்போது என்னிடம் ராடு வாங்குகிறவர்களிடம் அந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் படிக்க வைத்த பிறகுதான் கையில் கொடுக்கிறேன். அதை உரிக்கிற வேலையை அன்றோடு விட்டேன். அழகு போனால் போகட்டும்.

ஆனால் கைப்பிடியும் கம்பும் தானாக ஒரே கோட்டில் வந்ததற்கும், அலறிய வாயில் அந்தப் பேச்சு வந்து நின்றதற்கும் அவரிடமும் விளக்கம் இல்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நான் போன் போட்டுச் சோறு ஆறுகிறது என்று சொன்னால், என் கணவர் இன்னும் ஒரு வீச்சு என்று கெஞ்சுவதில்லை, உடனே சுற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். நானும் அதை முன்பு போல விளையாட்டாகச் சொல்வதில்லை. அந்த வார்த்தை என் வாயில் வரும்போதெல்லாம், இதே வார்த்தையால் ஒருத்தர் தன் மனைவியை உயிரோடு வீட்டுக்கு அனுப்பி வைத்தார் என்ற நினைப்பும் கூடவே வருகிறது.