சவரிராயண்ணனின் கால்

சவரிராயண்ணன் மரத்திலிருந்து விழுந்து செத்திருந்தால் எங்கள் தெருவே மாரடித்து அழுதிருக்கும். கோயில் மணி அடித்து, பாட்டுப் பாடி, நல்லபடியாக அடக்கம் செய்திருப்பார்கள். அவர் விழவில்லை. அது ஒன்றுதான் அவர் செய்த தப்பு.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. பொம்மிடிக்கும் கடத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். அறுபதுகளில் அந்தப் பக்கம் பெரிய மரம் எதுவானாலும் கழிக்கவும் இறக்கவும் அவரைத்தான் தேடி வருவார்கள். ஓட்டு வீட்டின் மேல் சாய்ந்த புளி, கிணற்றுச் சுவரைப் பிளக்கும் அரசு என்று அடியோடு சாய்க்க இடமில்லாத மரங்கள்தான் அவர் பங்குக்கு வரும். உச்சி வரைக்கும் ஏறி, கிளையை வடத்தில் கட்டி வெட்டுவார். வடத்தின் மறுமுனையை அடிமரத்தில் சுற்றிப் பிடித்திருக்கும் அவர் மச்சான் மதலைமுத்து, கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிக் கிளையைத் தரையில் இறக்குவான். ஓடு ஒன்று உடையாது. வெறுங்காலில்தான் ஏறியாக வேண்டும். கிளை முறியப்போவது காதுக்குக் கேட்பதற்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும் என்பார்.

அப்படிப்பட்டவருக்குத் திடீரென்று இன்னொரு பெருமையும் வந்து சேர்ந்தது. முசுறு எறும்பு கூடு கட்டிய மாமரம் ஒன்றில், எல்லோரும் உதறிக்கொண்டு ஓட, இவர் மட்டும் அசையாமல் நின்று வெட்டினார். கணுக்கால் வரைக்கும் எறும்பு மொய்த்துக் கிடந்தது.

“அந்தோணியார் என் கால்ல கை வச்சிட்டாரு!” என்று சிரித்தார். ஊர் நம்பியது. நானும் வாயைப் பிளந்துகொண்டு நம்பினேன்.

நம்பாதவள் அவர் மனைவி மதலேனம்மாள் ஒருத்திதான். அடுப்பிலிருந்து சிதறிய நெருப்பை அவர் மிதித்துக்கொண்டே சோறு தின்றதை அவள் பார்த்திருக்கிறாள். கெண்டைக்காலில் வெளுத்த தேமல் ஒன்றையும் பார்த்திருக்கிறாள். கிணற்றடியில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

“எக்கா, அது அந்தோணியாரு இல்ல. பெருவியாதி.”

குஷ்டத்தைத்தான் அப்படிச் சொல்வோம். அந்த நோய்க்கு மாத்திரை கொடுக்க வாரத்துக்கு ஒரு ஜீப் வந்து, ரோட்டோரப் புளியமரத்தடியில் நிற்கும். வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று பஸ்ஸில் போகிறவன்கூட எட்டிப் பார்ப்பான்.

“மாத்திர தின்னா கால் பொழைக்குங்க” என்பாள் இவள்.

“அந்த வரிசையில நின்னா எவன்டி என்ன அவன் மரத்துல ஏற வுடுவான்?” என்பார் அவர்.

இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதுதான் கொடுமை. இவர் தொடர்ந்து ஏறினார். கால் அறிய வேண்டியதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து அடி வைத்தார். பொழுது சாய்ந்ததும் இவள் அந்தக் காலை மடியில் போட்டு முள் தேடினாள். என்னைத் தவிர வெளியில் யாருக்கும் தெரியாமல் ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள்.

அறுபத்தெட்டில் எங்கள் ஊர்த் தீர்த்தகிரி புது வீடு கட்டினார். வாசல் நிலைக்கு வேண்டுமென்று மாட்டுக் கொட்டகையை ஒட்டி நின்ற வேங்கையை இறக்கச் சொன்னார். வேங்கையை வெட்டினால் ரத்தம் போலச் சிவப்பாகப் பால் வடியும். அதைக் கொட்டாங்குச்சியில் பிடித்துக் காயவைத்துத்தான் எங்கள் பக்கம் கைக்குழந்தைகளுக்குப் பொட்டு வைப்போம். தீர்த்தகிரியின் மருமகள் காசியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கொட்டாங்குச்சியோடு மரத்தடியில் நின்றாள். சுள்ளி பொறுக்க வந்த நானும் மதலேனம்மாளும் பக்கத்தில் நின்றோம்.

ஒரு சொட்டு விழுந்தது. அடுத்து மளமளவென்று விழுந்தது. காசியம்மாள் ஆசையாக ஏந்தினாள். விரலால் தொட்டுப் பிள்ளையின் நெற்றியிலும் வைத்துவிட்டாள்.

“எம்மாஞ் செவப்பு பாருங்க!”

மதலேனம்மாள் அண்ணாந்து பார்த்தாள். அண்ணன் வெட்டிக்கொண்டிருந்தது மேற்குக் கிளை. சொட்டு விழுந்தது அவர் நின்றுகொண்டிருந்த கிளையிலிருந்து. அரிவாள் வழுக்கிக் கணுக்காலில் இறங்கியிருந்தது. அது தெரியாமல் அவர் அடுத்த வெட்டுக்கு அரிவாளை ஓங்கினார்.

அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. காய்ந்த பொட்டை யார் சோதிக்கப்போகிறார்கள்?

“அதத் தொடச்சிடும்மா. அது பாலு இல்ல. அவரு ரத்தம்.”

எல்லோரும் நிமிர்ந்தார்கள். தீர்த்தகிரி பதறிப்போய்க் கத்தினார். “சவரி! கால்ல வெட்டிக்கினியேப்பா!”

சவரிராயண்ணன் குனிந்து பார்த்தார். முதலில் பார்த்தது வெட்டுப்படாத காலை. பிறகுதான் மற்றதைப் பார்த்தார்.

அது போதும் தீர்த்தகிரிக்கு. அவர் தம்பியைக் கொண்டுபோனதும் இதே நோய்தான். குரலைத் தாழ்த்தி, “எத்தினி நாளா இது?” என்று மட்டும் கேட்டார். காசியம்மாள் கொட்டாங்குச்சியை வீசிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள். மதலைமுத்து வடத்தை விட்டான். கூடப் பிறந்தவள் எதிரில் நிற்கிறாளே என்றும் பார்க்காமல், இரண்டு கையையும் வேட்டியில் அழுத்தித் துடைத்தான். எனக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

அண்ணன் யார் துணையும் இல்லாமல் இறங்கி வந்தார். மரம் முழுக்க அவர் கால் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது.

“ஊருக்கே சொல்லிட்டியேடி.”

“பச்சப்புள்ள நெத்திங்க” என்றாள் அவள்.

அதோடு வேலை நின்றது. மறைக்க ஒன்றும் இல்லாததால் ஜீப் வரிசையில் போய் நின்றார். அங்கே வந்த டாக்டரம்மா நல்லவர்தான், ஆனால் ஒளிக்காமல் பேசுகிறவர். நோய் போய்விடும், போன உணர்ச்சி திரும்பாது, முன்னாடியே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று சொல்லி, செருப்புப் போடவும் மரம் ஏறாமல் இருக்கவும் சொல்லி அனுப்பினார். அண்ணன் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

வருஷக் கணக்கில் மாத்திரை தின்றார். இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டரம்மாவே சொன்ன பிறகு, வீடு வீடாகப் போய் அதைச் சொன்னார். மோர் கொடுத்தார்கள், செம்பைத் தூக்கிப் பிடித்து அவர் கையில் ஊற்றினார்கள். மரத்துக்கு மட்டும் மதலைமுத்துவைக் கூப்பிட்டார்கள். வேங்கை நிலை வைத்த தீர்த்தகிரி வீட்டிலும் அப்படித்தான். மதலேனம்மாள் கல் சுமந்தாள், களை பறித்தாள். அண்ணன் மட்டும் ஒரு நாள் கால் திரும்பிவிடும் என்றே இருந்தார். அந்த நம்பிக்கையைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். அது இல்லாவிட்டால் அந்த மனுஷன் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார் என்றும் தோன்றும்.

எழுபத்து நாலில் ஒரு சாயங்காலம், அண்ணன் கால் புண்ணுக்குப் போட வேப்பெண்ணெய் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் சுவரில் சாய்ந்து, முகட்டைப் பார்த்தபடி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மதலேனம்மாள் வெந்நீர்ச் சட்டியோடு கீழே உட்கார்ந்தாள்.

“வலிக்குதுங்களா?” என்று கேட்டாள். தினமும் கேட்கிறதுதான்.

“வலிக்குதுடி! நல்லா வலிக்குது” என்றார் அவர். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “தீர்த்தகிரி வூட்டுப் புளிய நாளைக்கு நானே ஏறுறேன்னு போய்ச் சொல்லிட்டு வா.”

மதலேனம்மாள் துணியைச் சட்டியில் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் காலை அவள் இன்னும் தொடவே இல்லை.